பாய்க்கயிறு கையில் இருக்கட்டும்: சின்ன கேட்டமரான் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு

எங்கள் ஊர் நீரோடி. மேற்கே நாலு எட்டு வைத்தால் பொழியூர், அதாவது கேரளம். என் பாட்டா பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டியவர். நான் வளைகுடாவில் ஒரு கடற்கரை விடுதியில் பதினொரு வருஷம் ஹோபி 16 என்ற சின்னப் பாய்மரக் கேட்டமரான்களோடு கிடந்தேன். ஊர் திரும்பியதும் பழைய ஹோபி ஒன்றை வாங்கி, இப்போது அக்கா மகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் பழக்குகிறேன். கரையில் அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் படகு வேறு. கட்டுமரம் மரங்களை ஒட்டிவைத்துக் கட்டியது. இதில் இரண்டு ஹல், அதாவது மிதக்கிற உடல்கள், விலகி நிற்கும், நடுவே உட்கார டிராம்போலின் துணி. ஹோபி 16 ஐந்து மீட்டர் நீளம், எடை 145 கிலோ அளவுதான். அகலமாக இருப்பதால் லேசில் சாயாது. கனம் இல்லாததால் காற்று விட்ட நொடியே வேகமும் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

எங்கள் கரையில் பழக நல்ல காலம் மார்கழி முதல் மாசி வரை. காலையில் கரைக்காற்று கடலைப் பார்த்து வீசும். அது படகை வெளியே தள்ளிக்கொண்டே போகும் என்பதால் புதியவர்களை அப்போது இறக்க மாட்டேன். மதியம் கடல்காற்று எழும்பிய பிறகு, அது பலக்கும் முன் இறங்குவோம். ஆனி, ஆடியில் இந்தக் கடலில் சின்னப் படகுக்கு வேலையே இல்லை. பூவார் பொழிமுகத்துப் பக்கமும் போகாதீர்கள். நெய்யாற்றுத் தண்ணீரும் அலையும் மோதும் இடம் அது.

வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் நான் படகைத் தொடுவதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை, எங்கள் ஊர் என்று இந்தக் கரை முழுக்க ஆட்களை இழந்தது. லைஃப் ஜாக்கெட் இல்லாதவனை நான் ஏற்றுவதும் இல்லை, அவன் எவ்வளவு நல்ல நீச்சல்காரனாக இருந்தாலும் சரி.

ஒவ்வொரு ஹல்லின் பின்முனையிலும் ஒரு சிறிய தண்ணீர் பிளக் இருக்கும். இறங்கும் முன் இரண்டையும் விரலால் முறுக்கிப் பாருங்கள். பாய்மரத்தை நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே பாருங்கள். எட்டு மீட்டர் அலுமினியக் குழாய் அது, கரையோரத்து மின்கம்பியில் பட்டால் உயிர் போகும். பாய் ஏற்றும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றைப் பார்த்து நிற்கட்டும்.

முதல் நாள் பாடம் ஒன்றே ஒன்று. காற்று பக்கவாட்டில் படும்படி போவது, திரும்பி வருவது. காற்று வரும் பக்கத்து ஹல்லில் உட்காருங்கள். ஒரு கையில் சுக்கானைத் திருப்புகிற கம்பான டில்லர், மறு கையில் மெயின் ஷீட், அதாவது பெரிய பாயை இழுக்கிற கயிறு. பாட்டா அதைத் தாமான் என்பார். பாய் படபடத்தால் படபடப்பு நிற்கும்வரை இழுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நிறுத்த வேண்டுமா, கயிற்றை விடுங்கள். பாய் தொங்கும், படகு நிற்கும்.

கயிறு கடித்து நிற்க ஒரு கிளீட் உண்டு. பழகுகிறவர் அதில் மாட்டவே கூடாது. போன மாசியில் மருமகன் கை வலிக்கிறது என்று மாட்டியதோடு நிற்காமல் ஒரு முடிச்சும் போட்டுவிட்டான். நான் முன்பாயைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு வீச்சு வந்தது. காற்றுக்கு மறுபக்கத்து ஹல்லின் மூக்கு தண்ணீருக்குள் இறங்கியது, ஹல்லின் மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு பாய்மரத்து அடி வரை ஏறி வந்தது. “கயிற விடு மக்கா!” என்று கத்தினேன். முடிச்சு இறுகிவிட்டது, அவனால் விட முடியவில்லை. படகு சுவரில் முட்டியதுபோல் நின்றது, பின்பக்கம் மேலே எழும்பியது, அவன் என்னைத் தாண்டிப் பறந்தான். உதடு கிழிந்ததோடு போயிற்று.

மூக்கு இறங்குகிறது என்று தெரிந்ததும் இரண்டு பேரும் பின்னால் நகருங்கள், இரண்டு பாயையும் தளர்த்துங்கள். காற்று பலமாக இருந்தால் முதலிலிருந்தே பின்னால் உட்காருங்கள். மெல்லிய காற்றில் மாறாக முன்னால் வாருங்கள், இல்லாவிட்டால் அமரம், அதாவது பின்முனை, தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும்.

காற்றை நேராக எதிர்த்துப் போக முடியாது, வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். பேராசையில் காற்றுக்கு மிக நெருங்கிப் போகாதீர்கள். ஹோபி 16க்கு நடுப்பலகை கிடையாது, வேகம் குறைந்தால் பக்கவாட்டில் நழுவும். கொஞ்சம் விலகி வேகமாகப் போவதே லாபம்.

எல்லாரும் திணறுவது காற்றின் குறுக்கே திரும்பும்போதுதான். பாரமான வள்ளம் தன் ஓட்டத்திலேயே திரும்பிவிடும், இது திரும்பாது. அதனால் முதலில் வேகம் எடுங்கள். அப்புறம் டில்லரை மெதுவாக, ஒரே சீராகத் தள்ளுங்கள். வெடுக்கென்று தள்ளினால் சுக்கான் பிரேக் போட்டதுபோல் ஆகிவிடும். அணியம் காற்றைத் தாண்டும் நேரத்தில் மெயின் ஷீட்டை இரண்டு அடி தளர்த்துங்கள். முன்பாயை மட்டும் உடனே விடாதீர்கள். அது பழைய பக்கமே கட்டுண்டு இருக்கட்டும், காற்று அதன் மறுபக்கம் அடித்து அணியத்தைத் தானே தள்ளிக்கொடுக்கும். அணியம் நன்றாக மறுபக்கம் திரும்பிய பிறகு முன்பாயை மறுபக்கம் இழுத்து, டில்லரை நேராக்கி, பெரிய பாயை மெல்ல இறுக்குங்கள். பையன்கள் முன்பாயைச் சீக்கிரம் விட்டுவிட்டுப் பாதியில் மாட்டிக்கொள்வார்கள். நானும் முதல் மாதம் அப்படித்தான் செய்தேன்.

மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். படகு பின்னால் நகரத் தொடங்கும். பாயின் அடிக்கட்டையையும் டில்லரையும் உங்களைவிட்டு ஒரே பக்கமாகத் தள்ளுங்கள். படகு பின்வாங்கியபடியே திரும்பும். திரும்பியதும் இரண்டையும் உங்கள் பக்கம் இழுங்கள், ஓடத் தொடங்கும்.

காற்று பின்னால் இருக்கும்போது திரும்புவது இதைவிட எளிது. ஆனால் அடிக்கட்டை ஒரே வீச்சில் மறுபக்கம் வரும், தலையைக் குனிந்துகொள்ளுங்கள். கயிற்று மடிப்புகளை மொத்தமாகக் கையில் பிடித்து அதை நீங்களே கடத்திவிட்டால் வேகம் அடங்கும்.

கவிழ்ந்தால் படகைவிட்டு நீந்திப் போகாதீர்கள், கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும். இரண்டு பாய்க்கயிறுகளும் விடுபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருவர் கீழ் ஹல்லின் அணியம் பக்கம் நின்றால் படகு காற்றை நோக்கித் திரும்பும். நிமிர்த்தும் கயிற்றை மேல் ஹல்லுக்கு மேலாக எடுத்து, கீழ் ஹல்லில் நின்று, கையை மடக்காமல் உடம்பைப் பின்னால் சாயுங்கள். பலத்தால் இழுப்பதல்ல இது, எடையால் தொங்குவது. ஒல்லியான ஒருவரால் ஆகாது, இருவர் வேண்டும். பாய் தண்ணீரைவிட்டு எழும்பும்வரை நேரம் எடுக்கும், அப்புறம் சட்டென்று நிமிரும். மேல் ஹல் தலையில் விழாமல் ஒதுங்கி, குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படகு உங்களை விட்டுவிட்டு ஓடிவிடும்.

கரையேறும்போது அலைகளை எண்ணுங்கள். பெரிய அலைகள் கழிந்து கடல் சற்று ஆறும் நேரம் வரும், அப்போது வாருங்கள். தரை தட்டும் முன் இரண்டு சுக்கானையும் தூக்கிவிட வேண்டும். இறங்குபவர் படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்கக் கூடாது. அலை ஒன்று தூக்கிப் போட்டால் 145 கிலோவும் காலில்தான் விழும்.

மணலில் ஏற்றியதும் நல்ல தண்ணீரால் கழுவி, பிளக்குகளைத் திறந்து, அணியத்தைத் தூக்கிப்பிடித்து உள்ளே நுழைந்த தண்ணீரை வடியவிடுங்கள். ஒரு குவளை அளவு வந்தால் பரவாயில்லை. ஒரு வாளி வந்தால் எங்கேயோ விரிசல், அதை அடைக்காமல் அடுத்த நாள் இறங்கக் கூடாது. கழற்றிய பிளக் இரண்டையும் நான் டில்லரில் கட்டித் தொங்கவிட்டுவிடுவேன், மறுநாள் டில்லரைப் பிடிக்கிறவன் கையில் முதலில் அதுதான் படும்.