31-ஆம் காலும் 47-ஆம் காலும்

ஆரல்வாய்மொழிக் காற்றாலை ஒன்றின் கண்காணிப்புக்காக நாகர்கோவிலில் என் வீட்டு மேசையில் செய்த போர்டில், எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகன்ட்ரோலர் (கட்டுப்பாட்டுக் கணினி) சிப்புக்குப் பதிலாக அதே 64 கால் கொண்ட எஃப்405-ஐப் பற்றவைத்தபோது, 3.3 வோல்ட் சரியாக வந்தும் சிப்பில் நிரலை ஏற்றும் புரோகிராமர் கருவி அதை அடையாளமே காணவில்லை. மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரை மாற்றினேன்; கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டலையும் மாற்றினேன் (அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது இப்போது தெரிகிறது); புதிய சிப் ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். மூன்று நாள்கள் வீணாயின.

இரண்டு சிப்களின் டேட்டாஷீட்டுகளையும் (விவரத் தாள்களையும்) அருகருகே வைத்துப் படித்தபோதுதான், எஃப்103-இல் கிரவுண்டாக (பூஜ்ய வோல்ட்) இருக்கும் 31, 47 ஆகிய கால்கள், எஃப்405-இல் உள் ரெகுலேட்டரின் சுமார் 1.2 வோல்ட்டுக்கான கெப்பாசிட்டர் கால்களாக மாறியிருப்பது கண்ணில் பட்டது. 31-ஐ மட்டும் கிரவுண்டிலிருந்து பிரித்தேன். மீட்டர் அப்போதும் பூஜ்யமே காட்டியது, ஏனெனில் அவ்விரு கால்களும் சிப்புக்குள் ஒரே மின்தடத்தைச் சேர்ந்தவை. பிளேடு முனையால் 47-இன் தடத்தையும் வெட்டி, ஒவ்வொரு காலுக்கும் 2.2 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வைத்ததும் 1.2 வோல்ட் எழுந்தது, சிப்பும் பதிலளித்தது. பெரிய நிம்மதி.

அடுத்த போர்டில் அவ்விரு கால்களுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0603 அளவு உதிரிபாகத்தைப் பற்றவைக்க ஒவ்வோர் இடம் விட்டிருக்கிறேன்: எஃப்103 என்றால் அதில் பூஜ்ய ஓம் ரெசிஸ்டர், எஃப்405 என்றால் கெப்பாசிட்டர்.