மாகுலர் ஹோல் அறுவைக்குப் பிறகு பார்வையை வீட்டிலேயே கணக்கு வைப்பது எப்படி

மாகுலர் ஹோல் என்பது விழித்திரையின் நடுவில் விழும் சிறு துளை. அறுவைக்குப் பின் கண் கட்டைப் பிரித்த அன்று கையசைவு மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கண்ணுக்குள் நிரப்பிய வாயு கரையும்வரை அப்படித்தான் இருக்கும். எஸ்எஃப்6 வகை வாயு என்றால் இரண்டு மூன்று வாரம், சி3எஃப்8 வகை என்றால் ஆறு முதல் எட்டு வாரம். தெளிவு மேலிருந்து தொடங்கும். தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும், தலையை ஆட்டினால் தளும்பும். கடைசியில் சிறு குமிழியாகி மறையும்.

அதுவரை விமானம் ஏறாதீர்கள், உயரமான மலைக்கும் போகாதீர்கள். வெளிக்காற்றழுத்தம் குறைந்தால் குமிழி விரிந்து, கண் அழுத்தம் ஏறி, பார்வையே பறிபோகலாம். வேறு அறுவைக்குப் போக நேர்ந்தால் மயக்க மருத்துவரிடம் வாயு இருப்பதை முதலில் சொல்லுங்கள். மயக்கத்துக்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் குமிழியைப் பெரிதாக்கும்.

துளை மூடுவது வேறு, பார்வை திரும்புவது வேறு. மூடியதை ஓசிடி ஸ்கேன் (விழித்திரை அடுக்குகளைக் காட்டும் படம்) சில வாரங்களிலேயே காட்டிவிடும். ஆனால் ஒளியை உணரும் செல்கள் மறுபடி வரிசைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் அதிகம், பிறகு ஓராண்டு தாண்டியும் மெல்ல நடக்கும். ஸ்கேன் எடுக்கும்போது 'எலிப்சாய்ட் கோடு நடுவில் சேர்ந்துவிட்டதா?' என்று கேளுங்கள். ஒளி உணரும் செல்களின் வரிசையை ஸ்கேனில் காட்டும் கோடு அது; பார்வை எவ்வளவு வரும் என்பதற்கு நல்ல அடையாளம். துளை 400 மைக்ரானுக்குள் இருந்து, சீக்கிரமே அறுவையும் நடந்திருந்தால் பலன் கூடுதலாக எதிர்பார்க்கலாம்.

வாயு போனபின் வாரம் ஒருமுறை ஒரே நாற்காலி, ஒரே வெளிச்சம், படிக்கும் கண்ணாடி. 10 செ.மீ. சதுரத்தில் 5 மி.மீ. கட்டங்கள் கொண்ட ஆம்ஸ்லர் தாளை 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள். கோடு வளையும் இடத்தைப் பென்சிலால் வரைந்து தேதி போடுங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும்; பலரும் ஏமாறுவது இங்கேதான். வளைவு முழுதும் போகாமல் கொஞ்சம் மிஞ்சுவது சகஜம், மாதாமாதம் சுருங்குகிறதா என்பதே கணக்கு.

நன்றாக வந்த பார்வை பிறகு பனிமூட்டமாக மங்கினால், பெரும்பாலும் காரணம் கண்புரை. 50 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு ஆண்டுக்குள் அது முற்றிவிடும். அறுவை செய்து கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை மாற்றினால் சரியாகும். ஆகவே அவசரப்பட்டு விலையுயர்ந்த கண்ணாடி போட வேண்டாம்.

மங்கல் படிப்படியாக வராமல் திடீரென்று மின்னல் வெட்டு, கரும்புள்ளிக் கூட்டம், ஓரத்திலிருந்து திரை இறங்குவது எனத் தொடங்கினால் விழித்திரை விலகலாக இருக்கலாம்; அன்றே மருத்துவரிடம் போங்கள். கடும் வலியோ சிவப்போ வந்தாலும் அப்படியே. நடுவில் மறுபடி ஓட்டை போலத் தெரிந்தால், துளை திறந்திருக்கக்கூடும். அதே வாரத்தில் ஸ்கேன் எடுங்கள்.

அடுத்த கண்ணிலும் துளை வர வாய்ப்புண்டு. ஆம்ஸ்லர் தாளை அந்தக் கண்ணுக்கும் பிடித்துப் பாருங்கள்.