தோட்டத்துக்குச் சோலார்: கரண்டைச் சேர்க்காதீர்கள், தண்ணீரைச் சேர்த்து வையுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறோம். அதன் ஓரத்தில் நர்சரி: பலா, அயனி, புன்னை, நாவல் என்று பைகளில் கன்றுகள். கரண்டு கனெக்‌ஷன் கிடையாது. கிணற்றில் கோரிக் கோரித் தோள் விட்டுப்போன பிறகுதான் சோலாருக்கு வந்தோம். இதுவரை ஒரு பேனலைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் கேட்கும் கேள்வியை முடித்துவிடலாம். “முப்பந்தலில் அவ்வளவு காற்றாடி சுற்றுகிறதே, நாமும் சின்னதாக ஒன்று வைத்தால் என்ன?” முப்பந்தலில் அடிக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு, நம் தென்னந்தோப்புக் காற்று வேறு. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். மரத்துக்கு நடுவே தாழ்வாக நிற்கும் காற்றாடி, காசுக்குப் பிடித்த கேடு.

கணக்கு

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுக்கு 9 வாட் எல்இடி விளக்கு மூன்று, தினம் 4 மணி நேரம்: 108 வாட்-அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). இரண்டு போன் சார்ஜ், சுமார் 40. 60 வாட் 12 வோல்ட் நீர்மூழ்கி மோட்டார் 2 மணி நேரம்: 120. ஆக ஏறக்குறைய 270. வழியில் வீணாவதற்கு 30 சதவீதம் கூட்டினால் 350. நல்ல வெயில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்று வைத்து வகுத்தால் 88 வாட். 100 வாட் பேனல் போதும்போல் தெரியும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது, 150 வாட்டே வாங்குங்கள்.

பேட்டரியில்தான் எல்லாரும் காசை விடுகிறார்கள். மோட்டாரை ராத்திரி ஓட்டவே கூடாது. காலை 10 மணிக்கு மேல் பேனல் தருவதை மோட்டார் நேராகக் குடித்துக்கொள்ளும், பேட்டரி சும்மா இருக்கும். பத்தடி உயர மேடையில் 1000 லிட்டர் டேங்க் ஒன்று வைத்து நிரப்பிவிட்டால், சாயங்காலம் வால்வைத் திறந்தால் போதும். கிணற்றுத் தண்ணீரிலிருந்து டேங்க் வரை பத்து மீட்டர் என்று வைத்தால், ஆயிரம் லிட்டரை அவ்வளவு தூக்குவதற்கு உண்மையில் தேவைப்படுவது 27 வாட்-அவர்தான். சின்ன மோட்டார் நாலில் மூன்று பங்கை வீணாக்கினாலும் நம் 120-க்குள் அடங்கிவிடும். பேட்டரிக்கு மிஞ்சுவது விளக்கும் போனும் மட்டும். இரண்டு நாள் மேகமூட்டத்துக்கு 300 வாட்-அவர் வேண்டும். கொஞ்சம் கையிருப்போடு 12.8 வோல்ட் 30 ஆம்பியர்-அவர் (பெருக்கினால் 384 வாட்-அவர்) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போதும். மழை நாளில் கன்றுக்குத் தண்ணீர் விடும் வேலையும் இல்லையே!

இடம்

நம் மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. பேனலைத் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்த்தால் போதும். அந்தச் சாய்வு மழைத்தண்ணீர் வழிந்தோடி அழுக்கைக் கழுவவும் உதவும். ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு: சித்திரை தொடங்கி ஆவணி நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்குப் பக்கத்து மரமும் நிழல் போடும். அதனால் தெற்கை மட்டும் பார்த்து இடம் பிடிக்காதீர்கள். ஒரே ஒரு ஓலை நிழல் விழுந்தாலும் உற்பத்தி சரசரவென்று இறங்கும், உள்ளே செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால். தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். எங்கள் முதல் பேனல்மேல் விழுந்தது தேங்காய்கூட இல்லை, ஒரு காய்ந்த மட்டை. கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது.

நிழல்வலைக் கம்பத்தில் பேனலைக் கட்டுவதும் ஆகாது. ஆடிக்காற்றில் வலையும் பேனலும் சேர்ந்தே பறக்கும். தனியாக ஜிஐ பைப் நட்டு, காங்கிரீட் போட்டு நிறுத்துங்கள். கடலோர ஊர் என்றால் ஸ்டெயின்லெஸ் நட்டு போல்ட். உப்புக்காற்றில் சாதா போல்ட் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும்.

வயர்

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். பேட்டரியிலிருந்து கிணறு 25 மீட்டர். கடைக்காரர் கொடுத்த 1.5 ஸ்கொயர் எம்எம் வயரை இழுத்தோம். மோட்டார் உறுமியது, தண்ணீர் ஏறவில்லை. பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, மோட்டாரு நல்லாத்தான் இருக்கு. கரண்டு வழியிலயே செத்துப் போவுது.” போக வர 50 மீட்டர், 5 ஆம்பியர்: 3 வோல்ட் வயரிலேயே போய்விட்டது, மோட்டாருக்குக் கிடைத்தது ஒன்பதுதான். 6 ஸ்கொயர் மாற்றியதும் இழப்பு முக்கால் வோல்ட்டாகக் குறைந்தது. 12 வோல்ட்டில் தூரம் கூடக் கூட வயர் தடிக்க வேண்டும். முடிந்தால் பேனலையே கிணற்றடிக்குக் கொண்டுபோங்கள்.

கோர்ப்பது

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜை ஒழுங்குபடுத்தும் பெட்டிதான் சார்ஜ் கன்ட்ரோலர், 20 ஆம்பியர் போதும். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் மாட்டுங்கள், அப்புறம் பேனல், கடைசியில் விளக்கும் மோட்டாரும். கழற்றும்போது தலைகீழ் வரிசை. பேனலை முதலில் மாட்டினால் கன்ட்ரோலர் கெட்டுப்போக வாய்ப்புண்டு. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். பேனலில் வெயில் படும்போதெல்லாம் கரண்டு இருக்கும். மாட்டி முடியும்வரை சாக்கால் மூடி வையுங்கள். பேனல் சட்டத்துக்கு எர்த் கம்பி அவசியம், சித்திரை இடியும் ஐப்பசி இடியும் தெரிந்ததுதானே. டேங்கில் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று போட்டால் நிரம்பியதும் மோட்டார் தானே நிற்கும்.

மூன்று, ஐந்து எச்பி பம்பு தேவைப்படும் விவசாயிகள் இந்த வழிக்கு வர வேண்டாம். பிஎம்-குசும் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சோலார் பம்புக்கு மானியம் கிடைக்குமா என்று வேளாண் பொறியியல் துறையில் விசாரியுங்கள்.

பிறகு பராமரிப்பு. மாதம் ஒருமுறை வெயில் ஏறும் முன் ஈரத்துணியால் துடைப்பது, காக்கை எச்சம் கண்டால் அன்றே. கன்ட்ரோலர் பெட்டியை மட்டும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே கதகதப்பாக இருப்பதால் எறும்பு குடிவந்துவிடும். பெட்டி நிற்கும் பைப்பைச் சுற்றி நாங்கள் விரல் கனத்துக்கு கிரீஸ் தடவி வைத்திருக்கிறோம்.