கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வரும் நம் ஆட்கள் பலர் கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் நுழைந்து, "இவ்வளவுதானா?" என்று உடனே வெளியே வந்துவிடுகிறார்கள். செஞ்சியையும் வேலூரையும் மனதில் வைத்துக்கொண்டு வருவதுதான் முதல் தவறு. இங்கே ராஜாவும் இல்லை, அரண்மனையும் இல்லை. நட்சத்திர வடிவில் சுமார் பத்தடி உயரச் சுவர், உள்ளே புல்வெளி. எதிரியோடு ஒரு போரையும் பார்க்காத கோட்டை இது.

ஆனால் அந்தச் சுவரைப் பார்க்காமல் கடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 1786-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் கரையிறங்கியபோது இங்கே எழுந்தது நிபோங் பனைமரங்களை நட்டு அமைத்த வேலி மட்டுமே. 1804-க்குப் பிறகுதான் செங்கல்லும் கல்லும் வந்தன. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். பிள்ளைகளை அழைத்துவந்தால், படம் எடுப்பதற்கு முன் அந்தச் சுவரருகே நிறுத்தி இதைச் சொல்லுங்கள். அவர்களின் பெயர் தாங்கிய தெரு இல்லை, செங்கல் இருக்கிறது.

ஸ்ரீ ரம்பாய் பீரங்கியையும் அவசரமாகத் தாண்டாதீர்கள். 1603-ஆம் ஆண்டு பொறித்த டச்சுப் பீரங்கி அது. ஜொகூர் சுல்தானிடமிருந்து சுமாத்ராவின் அச்சேகாரர்களிடம் போய், பிறகு சிலாங்கூருக்கு வந்து, 1871-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொள்வார்களாம். அப்புறம், வெடிமருந்துக் கிடங்கையும் சிறிய தேவாலயத்தையும் பாருங்கள். வெளியே இருந்த அகழியை 1920-களில் மலேரியா பரவியதால் மூடினார்கள்.

நடுப்பகலில் போகவே கூடாது. உள்ளே நிழல் குறைவு, கடற்கரை வெயில் மண்டையைப் பிளக்கும். காலையிலேயே போய்விடுங்கள், வயதானவர்கள் கூட இருந்தால் இது கட்டாயம்.

கோட்டையோடு திரும்பிவிடுவது இன்னொரு தவறு. சிறிது தூரம் நடந்தால் குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தள்ளி, தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் சுற்றிப்பார்க்கப் போய் நிற்க வேண்டாம். கோட்டை, கோயில், பள்ளிவாசல் மூன்றையும் ஒரே நடையில் பார்த்தால்தான், இந்த ஊரை எழுப்பியவர்களில் நம்மவர்கள் எத்தனை வகையாக இருந்தார்கள் என்பது புரியும்.

சரி, வண்டி? கோட்டை இருக்கும் ஜார்ஜ் டவுன் நகருக்குள் காரை எடுத்துவந்து பார்க்கிங் தேடுவதிலேயே பாதி நாளைத் தொலைக்காதீர்கள். கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து, ஃபெர்ரிப் படகில் ஏறிக் கடலைக் கடக்கலாம். ஜெட்டியில் இறங்கினால் கோட்டை நடக்கும் தூரம்தான்.