இலையுதிர்காலத்தில் கார் ஓட்ட: கண்ணாடியின் உட்புறத்திலிருந்து தொடங்குங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறேன். எனக்கு ஸ்கார்பரோவில் வீடு, ஓஷவாவில் வேலை. காலையில் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போகிறேன், மாலையில் மேற்கே திரும்புகிறேன். கோடையில் நான் கிளம்பும்போது சூரியன் உயரே ஏறியிருக்கும். அக்டோபர் நடுவிலோ டொரண்டோ பக்கம் விடியவே ஏறக்குறைய ஏழரை மணி ஆகிறது. போகும்போதும் வரும்போதும் வெயில் கண்ணுக்கு நேரே.

அப்படி ஒரு காலையில், பிக்கரிங் தாண்டியதும் முன்கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி வைப்பரைப் போட்டேன். மாற்றமே இல்லை. முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு எரிந்தது எனக்குத் தெரியவில்லை. அதன் பின்கதவு பெரிதாகிக்கொண்டே வந்தபோதுதான் பிரேக்கை அழுத்தினேன். மயிரிழையில் தப்பினேன். முதல் இலையுதிர்காலத்தில் வண்டி எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: கண்ணாடி

அன்று மாலை கண்ணாடியின் உட்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். கோடு பளிச்சென்று தெரிந்தது. விரல் நுனியில் பிசுக்கு. வெயிலில் சூடாகும் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவியும் நம் மூச்சும் தூசியும் சேர்ந்து படிந்த படலம் அது. உச்சி வெயிலில் கண்ணுக்குப் படாது. தாழ்ந்த வெயிலில் வெள்ளைத் திரையாகிவிடும்.

இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள் வேண்டும். பழைய செய்தித்தாளால் துடைக்கச் சொல்பவர்கள் உண்டு. மை ஒட்டிக்கொள்வதால் எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மோனியா இல்லாத கண்ணாடித் திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் நேராக வேண்டாம். உட்புறத்தை மேலும் கீழுமாக, வெளிப்புறத்தைப் பக்கவாட்டில் துடையுங்கள். கோடு மிஞ்சினால் எந்தப் பக்கத்தில் என்று உடனே தெரிந்துவிடும். கண்ணாடியும் டாஷ்போர்டும் சேரும் இடுக்குக்குக் கை எட்டாது. பயணி இருக்கையில் அமர்ந்து, துணியைப் புறங்கையில் சுற்றித் தள்ளினால் எட்டும். பிறகு உலர்ந்த துணியால் மறுபடி ஒருமுறை. இருட்டியதும் கைபேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மீதிப் பிசுக்கு தெரியும். நான் இதை மாதம் ஒருமுறை செய்கிறேன்.

காலைப் பனிமூட்டத்தில் கண்ணாடி உள்ளே வியர்த்தால் சூட்டோடு ஏசியையும் போடுங்கள், ஏசிதான் ஈரத்தை உறிஞ்சும். உள்காற்றையே சுழற்றும் பொத்தான் அணைந்திருக்க வேண்டும். மூடுபனியில் வண்டியின் விளக்கையும் போடுங்கள்.

இன்னொன்று: வெயில் உங்கள் முதுகில் விழுந்து வண்டியின் நிழல் முன்னால் நீண்டு கிடந்தால், எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது என்று பொருள். அவர் உங்களைப் பார்த்திருப்பார் என்று நம்பி இடப்பக்கம் திரும்பாதீர்கள்.

இரண்டாம் படி: காற்றும் இலையும்

வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) குறையும். காலையில், வண்டி நகருமுன் அளக்க வேண்டும். சரியான அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு, அதை நம்பி அடைக்காதீர்கள். பெட்ரோல் நிலைய மீட்டரைவிடச் சொந்தமாக ஒரு டிஜிட்டல் மானி வைத்துக்கொள்வதே மேல்.

நனைந்த இலைமேல் டயர் வழுக்கும். மேப்பிள் மரங்கள் நிறைந்த தெருவில் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், திரும்பும்போது பிரேக் வேண்டாம். சாலையோர இலைக்குவியலுக்குள் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கலாம், அதன்மேல் ஏற்றவே கூடாது. காய்ந்த குவியல்மேல் நிறுத்தவும் கூடாது; வண்டியின் அடியில் இருக்கும் சூட்டில் தீப்பிடிக்கலாம்.

மூன்றாம் படி: மான்

அல்கோன்குவின் பூங்காவுக்கு இலை நிறம் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. அக்டோபர், நவம்பர் மான்கள் இணைசேரும் காலம். விடியலிலும் அந்தியிலும் பாய்ந்து குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல், நேராகப் பிடித்தபடி பிரேக்கை அழுத்துங்கள். மானைத் தவிர்க்கப் போய் மரத்திலோ எதிர்வண்டியிலோ மோதுவது அதைவிடக் கொடியது.

(பின்சேர்க்கை: "விளக்கு தானாகவே எரிகிறதே, நான் ஏன் போட வேண்டும்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். 2021 செப்டம்பருக்கு முன் தயாரான பல வண்டிகளில் பகல் விளக்கு முன்னால் மட்டுமே எரியும், பின்விளக்கு அணைந்தே இருக்கும். மூடுபனியில் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். கையால் போடுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னால் போனதும் வேலைவிட்டு வருவதே இருட்டில்தான்.)

நான்காம் படி: குளிர்கால டயர்

பனி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் குளிர்கால டயர் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் காப்பீட்டில் தள்ளுபடி உண்டு. குளிர்கால டயரின் அடையாளமாக மலைச்சிகரமும் பனித்துகளும் பொறித்த டயர்கள் நான்கும் வேண்டும். இரண்டு மட்டும் மாற்றினால் வண்டி சுழன்றுவிடலாம்.

மாற்றியபின் 100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும், தளர்ந்திருக்கலாம். டயர் மாற்றிய அன்றே ஓடோமீட்டர் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டிவிடுகிறேன். நட்டு முறுக்கிய பிறகுதான் அதைக் கிழிப்பேன்.