இரட்டை குவாண்டம் டாட்டில் ஸ்பின் எப்படிக் கலைகிறது: மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்கலாம்

பைதானும் அணிப் பெருக்கலும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். குவாண்டம் டாட் என்பது எலக்ட்ரானை அடைத்து வைக்கும் மிகச்சிறிய குறைகடத்திப் பொறி; ஸ்பின் என்பது அந்த எலக்ட்ரானின் குட்டிக் காந்தம் மாதிரி. கோலாப் (கூகுளின் இணையவழிப் பைதான்) வேண்டாம், உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டுங்கள். எங்கள் வியாசர்பாடிப் பக்கம் மழை வந்து கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும், பாதி ஓடிய கணக்கு அம்போதான். இரண்டு ஸ்பினுக்கு 4க்கு 4 அணிதானே, பழைய மெஷினே தாராளமாகத் தாங்கும்.

முதலில் எதைக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள். காலியம் ஆர்சனைடு டாட்டில் ஸ்பின் ஆற்றலை இழந்து கீழே இறங்கும் நேரம், அதாவது டி1, 1 டெஸ்லா காந்தப்புலத்தில் 1 நொடிக்கும் மேல் என்று 2008இல் அளந்திருக்கிறார்கள். ஆனால் டாட்டுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்த இரண்டு எலக்ட்ரான்களின் சிங்லெட் நிலை (இரண்டு ஸ்பினும் ஒன்றையொன்று முழுக்க ரத்து செய்யும் ஜோடி நிலை) 10 நானோநொடியிலேயே கலைந்துவிடுகிறது. இதை 2005இல் ஹார்வர்டில் பெட்டா குழு காட்டியது. பத்து கோடி மடங்கு வித்தியாசம்! நாம் ஓட்டப்போவது 50 நானோநொடி, அதனால் டி1ஐத் தூக்கிப் போடுங்கள். கலைப்பது டாட்டுக்குள் இருக்கும் சுமார் பத்து லட்சம் அணுக்கருக்களின் காந்தப்புலம்.

அடுத்து அலகு. ஆற்றல் மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட், நேரம் நானோநொடி; எல்லா ஆற்றலையும் 0.658ஆல் (இந்த அலகில் எச்-பார், அதாவது பிளாங்க் மாறிலி வகுத்தல் 2 பை) வகுத்துவிடுங்கள். புலம் ஸ்பினை எவ்வளவு வேகமாகச் சுழற்றும் என்று சொல்லும் ஜி மதிப்பு 0.44 (குறி எதிர்மறை, இங்கே பொருட்டில்லை) என்றால் 1 மில்லிடெஸ்லாவுக்கு நானோநொடிக்கு 0.0387 ரேடியன். ஹாமில்டோனியனில் (ஆற்றலைச் சொல்லும் அணி) ஸ்பினுக்குப் பாலியின் சிக்மா அணி போட்டால் முன்னால் அரை வரவேண்டும்.

இப்போது எல்லோரும் சறுக்கும் இடம். கலைதல் என்றதும் கியூடிப் என்ற பைதான் குவாண்டம் நூலகத்தில் எம்ஈசால்வ் (mesolve) செயலியை எடுத்து, டீஃபேசிங் (ஸ்பினின் கட்டம் கலைதல்) வீதம் ஒன்றைச் செருகத் தோன்றும். செய்யாதீர்கள். அது சத்தம் நொடிக்கு நொடி மாறுகிறது என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்பொனென்ஷியலாகத் தேயும் வளைவைத்தான் தரும். அணுக்கருப் புலம் அப்படியில்லை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மாதிரி: இன்றைக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அது இன்றைக்கு ஒரே எண், நாளைக்கு வேறு எண். ஒரு ஓட்டத்துக்குள் புலத்தை மாற்றாமல் வையுங்கள். அடுத்த ஓட்டத்துக்குப் புதிதாக எடுங்கள். ஒவ்வொரு டாட்டுக்கும் எக்ஸ், ஒய், இசட் மூன்று திசையிலும் 2 மில்லிடெஸ்லா அகலமுள்ள காசியன் எண்கள், இப்படி சிங்லெட்டில் தொடங்கி 500 ஓட்டம், கடைசியில் சிங்லெட் நிகழ்தகவின் சராசரி. இதற்கு கியூடிப்பே தேவையில்லை. நம்பையின் எய்க் எச் (numpy.linalg.eigh) போதும், ஒருமுறை மூலைவிட்டமாக்கினால் எல்லா நேரத்துக்கும் விடை கையில்.

சரியாக வந்ததா என்று பார்க்க நல்ல சோதனை ஒன்று உண்டு. இசட் திசையில் 100 மில்லிடெஸ்லா வெளிப்புலம் கொடுத்தால் வளைவு காசியனாக இறங்கி, 13 நானோநொடி வாக்கில் பெரும்பாலும் விழுந்து, 0.5ல் நிற்கும். வெளிப்புலத்தைப் பூஜ்யமாக்கினால் கீழே போய்க் கொஞ்சம் ஏறி 0.33ல் நிற்கும், ஏனென்றால் இப்போது மூன்று டிரிப்லெட்டும் (இரண்டு ஸ்பினின் மற்ற மூன்று நிலைகள்) கலக்கின்றன. இரண்டிலும் 0.5 வந்தால் எக்ஸ், ஒய் புலத்தைச் சேர்க்க விட்டுவிட்டீர்கள்.

பிறகு சேர்த்தது: "ஒன்றுமே கலையவில்லை, கோடு 1லேயே நிற்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு டாட்டுக்கும் ஒரே ரேண்டம் எண்ணைக் கொடுத்திருக்கிறார். சிங்லெட்டின் மொத்த ஸ்பின் பூஜ்யம், பொதுவான புலம் அதை அசைக்காது, வித்தியாசம்தான் கலைக்கும்.

இன்னொருவர் எக்கோ, அதாவது கலைந்ததைத் திரும்பக் கொண்டுவரும் உத்தி, கேட்டார். பாதி நேரத்தில் இரண்டு ஸ்பினையும் இடம் மாற்றும் ஸ்வாப் அணியை ஒருமுறை பெருக்குங்கள், அவ்வளவுதான். வெளிப்புலம் இருந்தால் சிங்லெட் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பி வரும், புலமே இல்லாவிட்டால் வராது, இரண்டு சுழற்சிகளின் வரிசை மாறினால் விடை மாறும் என்பதால். பெட்டா குழுவின் நிஜச் சோதனையில் இது சுமார் 1.2 மைக்ரோநொடி வரைதான் தாங்கியது; அணுக்கருப் புலமும் மெல்ல நகர்கிறது, நம் கணக்கில் அது இல்லை.