இங்கிலாந்தின் பெர்னி ஆம்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கப் போகிறீர்களா?

நாரிச்சில் கிரேட் யார்மத் ரயில் ஏறியதுமே கார்டிடம் 'பெர்னி ஆம்ஸில் இறங்கணும்' என்று சொல்லிவிடுங்கள். இது கேட்டால் மட்டும் நிற்கும் நிலையம். நடைமேடை மிகக் குட்டை, எந்தக் கதவு திறக்கும் என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். திரும்பும்போது ஓட்டுநர் கண்ணில் படும்படி நின்று கையை நீட்டுங்கள். ஒதுங்கி உட்கார்ந்திருந்தால் ரயில் போய்விடும். வார நாட்களில் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், டாக்சி கூப்பிடலாம் என்றால் சாலையே கிடையாது. (1844-இல் திறந்த இந்தப் பாதைக்கு நிலம் விற்ற தாமஸ் பெர்னி இங்கே நிலையம் வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதனால்தான் சதுப்பு நிலத்தின் நடுவே இப்படி ஒரு நிலையம்!) டிக்கெட் மெஷின் இல்லை, ரயிலுக்குள் வாங்கிக்கொள்ளலாம்.

ஏக்கிள் ஊர் வழியாகப் போகும் ரயில் பெர்னி ஆம்ஸ் பக்கமே வராது, அதில் ஏறிவிட்டால் கார்டிடம் சொல்லியும் பயனில்லை. யார்மத் ரயில்களில் பெரும்பாலானவை அந்த வழிதான். ரீடம் வழியாகப் போவதையே பார்த்து ஏறுங்கள்.